காரோடு போனைச் சேர்க்க எது நல்லது: ப்ளூடூத்தா, வயரா, வயர்லெஸ்ஸா, காரின் சொந்த சிம்மா?

புதுக் கார் வாங்கும் வீடுகளில் மைலேஜுக்கு அடுத்தபடியாக இன்று அதிகம் பேசப்படுவது திரையைப் பற்றித்தான். அடிப்படை வேரியன்ட்டில் ப்ளூடூத் மட்டும் இருக்கும். அதற்கு மேலே, போனின் மேப்பையும் பாட்டையும் கார்த் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேயும் வரும், வயரோடோ வயர் இல்லாமலோ. உச்ச வேரியன்ட்டில் காருக்கே ஒரு சிம் இருக்கும், போனிலிருந்தபடியே ஏ.சி. போடலாம், காரைப் பூட்டலாம். ஒன்றைவிட ஒன்று உசத்தி என்று படிக்கட்டு மாதிரி அடுக்கித்தான் ஷோரூமில் காட்டுவார்கள். ஆனால் நான்கும் செய்வது நான்கு வேறு வேலை. உங்களுக்கு எந்த வேலை வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும், ரோட்டில் கண்ணும் சிதறாது.

இரண்டாவது விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது 184-ஆம் பிரிவில் வருகிற ஆபத்தான ஓட்டுதல். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த இடம் தந்தது. ஹேண்ட்ஸ்-ஃப்ரீ பேச்சு சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். மூளைக்கு அது இலவசமில்லை.

பிரிட்டனின் டி.ஆர்.எல். போக்குவரத்து ஆய்வகம் 2020-இல் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்து அளந்து பார்த்தது. திரையைத் தொட்டு இயக்கியபோது ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரம் கார்ப்ளேயில் 57 சதவீதம், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதம் கூடியது. குரலால் இயக்கியபோது அது 36 ஆகவும் 30 ஆகவும் குறைந்தது. இங்கிலாந்தின் சட்ட வரம்பு அளவுக்குக் குடித்தவருக்குக் கூடுவது 12 சதவீதம்தான். அந்த வரம்போ 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி., நம் நாட்டு வரம்பான 30 மி.கி.யைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் குருட்டாம்போக்கில் ஓடிவிடுகிறது. ஆகவே இங்கே அளவுகோல் ஒன்றுதான்: வண்டி ஓடும்போது கை எத்தனை தரம் திரைக்குப் போக வேண்டியிருக்கிறது?

ப்ளூடூத் மட்டும்

அழைப்பு, பாட்டு இரண்டும் போதும், வழி தெரிந்த ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் இதற்கு மேல் பணம் போட வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கில் எடுக்க ஒரு பட்டன், வைக்க ஒரு பட்டன், ஒலிக்கு இரண்டு. திரைக்குக் கை போகவே வேண்டாம். அந்த வகையில் நான்கிலும் பாதுகாப்பானது இதுதான்.

இணைப்பதை வண்டி நிற்கும்போது மட்டுமே செய்யுங்கள். ஓடும்போது பல கார்கள் அந்த மெனுவையே திறக்க விடாது. காரின் அமைப்புகளில் 'புதிய சாதனம் சேர்' என்பதைத் தொட்டு, போனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து காரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு திரையிலும் வரும் ஆறு இலக்க எண் ஒன்றுதானா என்று பார்த்துச் சரி சொல்லுங்கள். உடனே, தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் பகிரலாமா என்று போன் கேட்கும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டு, 'பெயர் வரவில்லை, வெறும் நம்பர்தான் வருகிறது' என்று சர்வீஸ் சென்டருக்குப் போவார்கள். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தையும், ஐபோனில் வட்டத்துக்குள் உள்ள 'ஐ' எழுத்தையும் தொட்டால் அந்த அனுமதி இருக்கும். அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் அதே பக்கத்தில் 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேச்சும் பாட்டும் ப்ளூடூத்தில் இரண்டு தனித்தனி வழிகளில் போகின்றன. ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும்.

ஒரே காரை வீட்டில் இருவர் ஓட்டினால் வரும் தொல்லை வேறு. மனைவி வாசலில் காரைக் கிளப்பினால் உள்ளே சோபாவில் இருக்கும் கணவரின் போன் காரோடு ஒட்டிக்கொண்டு, அவர் பேசிக்கொண்டிருந்த அழைப்பு கார் ஸ்பீக்கருக்குப் போய்விடும். காரின் ப்ளூடூத் அமைப்பில் முன்னுரிமைச் சாதனம் என்று இருந்தால், அதிகம் ஓட்டுபவரின் போனை முதலில் வையுங்கள். அந்த வசதி இல்லாத கார் என்றால், மற்றவர் போனில் அந்தக் காருக்கு மட்டும் அழைப்பு அனுமதியை அணைத்து வைப்பதே வழி.

எதிர்முனையில் இருப்பவர் 'கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது' என்றால் பழி பெரும்பாலும் ப்ளூடூத்தின் மேல் விழும். குற்றவாளி ஏ.சி. காற்று. பல கார்களில் மைக் கூரை விளக்கின் பக்கத்தில் இருக்கும். நடு வென்ட்டை மேல் நோக்கித் திருப்பி ஃபேனை மூன்றிலோ நான்கிலோ வைத்தால் காற்று நேராக மைக்கில் மோதும். ஃபேனை இரண்டுக்கு இறக்கி, வென்ட்டை நெஞ்சுப் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். மெல்லிய துணியில் சீட் கவர் போல கூரைக்கும் உறை மாட்டியிருந்தால் மைக் துளைகள் மூடிக் கிடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழில் பெயர் பதிந்து வைப்பவர்களுக்கு ஒரு சேதி. வெறும் ப்ளூடூத்தில் பெயர்களைக் காரின் திரைதான் தன் சொந்த எழுத்துருவில் எழுதிக் காட்ட வேண்டும். தமிழ் எழுத்துரு இல்லாத யூனிட்டில் 'அம்மா' என்பது வெறும் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ நிற்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கார்ப்ளேயிலும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே படத்தைப் போனே வரைந்து அனுப்புகிறது, கார்த் திரை வெறும் கண்ணாடி மாதிரி. ஊர்ப்பெயர், கடைப்பெயர், சித்தப்பா பெயர் எல்லாம் தமிழிலேயே வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே அடுத்த வேரியன்ட்டுக்குப் போகப் போதும். குரல் கட்டளை தருவோர் இன்னொன்றும் செய்ய வேண்டும்: குரல் உதவியாளர் ஆங்கிலத்தில் இருக்க, பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அது அடிக்கடி ஆளைக் கண்டுபிடிக்காமல் திணறும். தினமும் அழைக்கும் பத்துப் பேருக்கு மட்டும் புனைபெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயரைச் சேர்த்துவிட்டால் போதும்.

வயரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே

வழி பார்த்து ஓட்டுகிற யாருக்கும் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். கார்ப்ளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் வந்தன. பத்தாண்டுப் பழக்கத்தில் கேபிள் வழி இணைப்பு நன்றாக முதிர்ந்துவிட்டது. போன் கையில் இருக்காது, சார்ஜ் ஏறும், வரைபடம் பெரிய திரையில் தெரியும், காருக்கு ஜி.பி.எஸ். இருந்தால் அதன் ஆன்டெனாவையும் பயன்படுத்திக்கொள்ளும்.

'அடிக்கடி கட் ஆகிறது' என்ற புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கான இழைகள் மட்டுமே இருக்கும், தரவுக்கானவை இருக்காது. சார்ஜ் ஏறும், திரையில் ஒன்றும் வராது. நீளம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். இரண்டு மீட்டர் கேபிளை வாங்கிச் சுருட்டிக் கன்சோலில் திணித்தால், வேகத்தடையில் வண்டி குதிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்து மறுபடி தொடங்கும். போனோடு பெட்டியில் வந்த கேபிளை வீட்டில் சார்ஜ் போட எடுத்துக்கொள்ளாமல் காருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது, எந்த ஓட்டையில் செருகுகிறீர்கள் என்பது. முன்னால் இரண்டு மூன்று யு.எஸ்.பி. இருந்தாலும் பல கார்களில் ஒன்றுதான் திரையோடு பேசும். மற்றவை சார்ஜுக்கு மட்டும். மின்னல் குறி போட்டது சார்ஜுக்கு, போன் அல்லது மூன்று கிளை யு.எஸ்.பி. குறி போட்டது தரவுக்கு. தரவு ஓட்டையில் மின்னோட்டம் குறைவு, பழைய வகையில் அரை ஆம்பியர் அளவுதான் கிடைக்கும். மேப்பும் பாட்டும் ஓடும்போது அந்த அரை ஆம்பியர் அப்படியே செலவாகிவிடும். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்ந்த பிறகும் பேட்டரி கிளம்பியபோது இருந்த அளவிலேயே நிற்கிறது என்றால் அது பழுதில்லை. மூன்றாவது, போனின் துளை. சட்டைப் பையின் பஞ்சு உள்ளே அடைந்து கேபிள் முழுதாக உட்காராது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்.

கேபிளும் துளையும் சரி, ஆனாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வரவில்லை என்றால், ப்ளூடூத் பக்கம் போய்ப் பாருங்கள். வயரில் இணைத்தாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அழைப்புகளை ப்ளூடூத் வழியாகத்தான் அனுப்புகிறது. பழைய ப்ளூடூத் பதிவு கெட்டிருந்தால் முழு இணைப்பும் முரண்டு பிடிக்கும். காரில் போனை நீக்குங்கள், போனில் காரை நீக்குங்கள். இரண்டு பக்கமும் நீக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பயனில்லை. பிறகு புதிதாகச் செருகுங்கள். கார்ப்ளேயில் வயர் போட்டால் அழைப்பும் வயரிலேயே போய்விடும். அங்கே இந்தச் சிக்கல் குறைவு. சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று அமைத்து, பூட்டிய திரையிலும் தொடங்க அனுமதியுங்கள்.

மலைப்பாதைக்குப் போவோர் வீட்டிலேயே, வைஃபையில், கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. நடுவில் சிக்னல் போனாலும் வழி போகாது. நேரடி நெரிசல் விவரம் மட்டும் ஆஃப்லைனில் வராது.

வயர்லெஸ்

ஆசைப்பட வைக்கும் வசதி. போன் பையிலேயே இருக்க, காரில் ஏறி உட்கார்ந்ததும் திரை தானாக உயிர்பெறும். முதல் அறிமுகத்தை ப்ளூடூத் செய்துவைக்கும். பிறகு காரும் போனும் தமக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இணைப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு படத்தையும் ஒலியையும் அதில் அனுப்பும். ஆண்ட்ராய்டில் பதிப்பு 11-உம் அதற்கு மேலும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ள போனும் வேண்டும்.

இதன் பலவீனம் வெயில். வைஃபை, ஜி.பி.எஸ்., மொபைல் டேட்டா மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும்போது போன் சூடேறும். அதை வயர்லெஸ் சார்ஜிங் தட்டில் வைத்தால் அந்தச் சூடும் சேரும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 35 டிகிரி வரை. மே மாதத்து வேலூரில் நிறுத்தி எடுத்த கார் அதைத் தாண்டித்தான் இருக்கும். போன் தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜை நிறுத்தும், வேகத்தைக் குறைக்கும், வரைபடம் திக்கும். முதல் பத்து நிமிடம், ஏ.சி. உறைக்கும்வரை, தட்டில் வைக்காதீர்கள். தட்டுக்கும் போனுக்கும் நடுவில் ஏ.டி.எம். கார்டு, மெட்ரோ கார்டு, நாணயம், இரும்பு வளையம் எதுவும் இருக்கக் கூடாது.

அரை மணி நேர அலுவலகப் பயணத்துக்கு வயர்லெஸ் அருமை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் அந்தக் காரிலேயே கேபிளையும் செருகுங்கள். இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் வி.பி.என். செயலி ஓடிக்கொண்டிருந்தால் பல போன்களில் வயர்லெஸ் இணைப்பு பிடிக்காது, அணைத்துவிட்டு முயலுங்கள். பின் சீட்டில் பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுப்பவர்கள் வாங்கும் முன்பே சோதித்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டும் வயர்லெஸ் ஆட்டோவும் ஒன்றாக ஓடாத போன்கள் உண்டு.

விலை அதிகமான வேரியன்ட்டில்தான் வயர்லெஸ் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2020-ஐ ஒட்டி வந்த பல ஹூண்டாய், கியா மாடல்களில் 8 அங்குலத் திரைக்கு வயர்லெஸ் இருந்தது, 10.25 அங்குலப் பெரிய திரைக்கு வயர் மட்டுமே. பழைய கார் சந்தையில் இந்த வண்டிகள் நிறையவே கிடைக்கின்றன. வயர் உள்ள காரை வயர்லெஸ்ஸாக மாற்றக் கட்டைவிரல் அளவில் அடாப்டர்கள் விற்கின்றன. காரில் வயர் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ ஏற்கெனவே இருந்தால்தான் அவை வேலை செய்யும். ப்ளூடூத் மட்டும் உள்ள காரில் செருகினால் பணம் வீண். சாவியை எடுத்த பிறகும் அந்த யு.எஸ்.பி.யில் மின்சாரம் வருகிறது என்றால், இறங்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

காரின் சொந்த சிம்

2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் இரண்டும் வந்ததிலிருந்து இந்தியாவில் இது பரவலானது. ப்ளூலிங்க், கியா கனெக்ட், ஐ-ஸ்மார்ட், சுஸுகி கனெக்ட் என்று பெயர்தான் வேறு. காருக்குள் ஒரு இ-சிம் இருந்து நிறுவனத்தின் சர்வரோடு பேசுகிறது. மேப்புக்கும் பாட்டுக்கும் இதை நம்பி வாங்குவது தவறான கணக்கு. உங்கள் போன் அதைவிடப் புதியது, அதைவிட வேகமானது, இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடும். காரில் பதித்த சிப் பத்து வருடமும் அதேதான்.

நீங்கள் காரில் இல்லாத நேரத்தில்தான் இதற்கு வேலை. கார் திருடு போனால் இருக்கும் இடம் தெரியும், சில சேவைகளில் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கலாம். ஓட்டுநர் வைத்திருப்பவர்கள் வேக எச்சரிக்கையும், குறித்த இடத்தைத் தாண்டினால் தகவல் தரும் எல்லை வேலியும் போடலாம். விபத்தில் எஸ்.ஓ.எஸ். பட்டன் ஆளை அழைக்கும். போன் சீட்டுக்கடியில் தெறித்துக் கிடந்தாலும் அது வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாடல்களுக்குத் தானியங்கி அவசர அழைப்பைக் கட்டாயமாக்கியதற்கும் இதே காரணம்தான். வீட்டில் முதியவர் தனியாக ஓட்டுகிறார் என்றால் இந்த ஒரு பட்டனுக்காகவே மேல் வேரியன்ட்டை நான் எடுக்கச் சொல்வேன். ஆனால் சிக்னல் இல்லாத மலையில் அதுவும் ஊமைதான். 112, 108 எண்களையும் பழக்கிவையுங்கள்.

தூரத்திலிருந்தே இன்ஜினைக் கிளப்பி ஏ.சி. போடும் வசதி பெட்ரோல், டீசலில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் மாடல்களுக்குத்தான். மூடிய கராஜிலோ வீட்டை ஒட்டிய ஷெட்டிலோ அதைப் பயன்படுத்தவே கூடாது. இன்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. மின்சாரக் காரில் அந்த ஆபத்து இல்லை.

இலவசக் காலம் முடிந்ததும் கட்டணம் வரும். வென்யூ வந்தபோது ப்ளூலிங்க் மூன்றாண்டு இலவசம். வாங்கும்போதே நான்காம் ஆண்டுக் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெட்வொர்க் தலைமுறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. தன் 3ஜி சேவையை நிறுத்தியதும், அதை நம்பியிருந்த பல நிறுவனங்களின் பழைய கார்களில் இந்த வசதிகள் ஒரேயடியாக நின்றன. காரில் எந்தப் பழுதும் இல்லை.

பழைய கார் வாங்குவோர் இதை மட்டும் மறக்க வேண்டாம்: பழைய உரிமையாளரின் போனில் அந்தச் செயலி இன்னும் உயிரோடு இருந்தால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், கதவையும் திறக்கலாம். ஆர்.சி. பெயர் மாறியதும் அந்த நகலோடு டீலரிடம் போய்க் கணக்கை மாற்றுங்கள். திரையையும் தொழிற்சாலை நிலைக்கு அழித்துவிடுங்கள். நீங்கள் விற்கும்போதும் அப்படியே. உங்கள் தொடர்புகளும் 'வீடு' என்று பதிந்த முகவரியும் அதில் இருக்கின்றன.

ஏற்கெனவே ஓடும் பழைய காருக்கு

வெளியில் வாங்கி மாட்டும் 9 அங்குலச் செட்டில் பாதிப் பிரச்சினை வயரிங்கில் வரும். வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ள 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். மஞ்சள், சிவப்பு இரண்டையும் நிரந்தர மின்சாரத்தில் முறுக்கிவிட்டால் நாலு நாள் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகாது. இரண்டையும் சாவி வயரில் போட்டால் ஒவ்வொரு தடவையும் போன் பதிவு, நேரம், ரேடியோ எல்லாம் மறந்துபோகும். காரின் வயரை வெட்ட விடாதீர்கள், வெட்டாமல் அப்படியே செருகும் இணைப்பான கப்ளரை அந்த மாடலுக்கென்று கேளுங்கள். வெட்டினால் வாரன்டிக்கும் சிக்கல் வரும். ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கூடவே வரும் தனி மைக்கை டாஷ்போர்டுக்குள் சுருட்டி விடாமல் ஓட்டுநர் பக்கத் தூணில், முகத்துக்கு நேரே ஒட்டச் சொல்லுங்கள்.

ஷோரூமில் சோதிக்க

உங்கள் போன், உங்கள் கேபிள் இரண்டையும் கொண்டுபோங்கள். இணைத்துவிட்டு ஏ.சி.யை மூன்றில் வைத்து வீட்டுக்கு ஒரு அழைப்பு போட்டு, குரல் எப்படிக் கேட்கிறது என்று எதிர்முனையில் கேளுங்கள். ஸ்டீயரிங்கின் குரல் பட்டனை அழுத்திப் பிடித்து, போனின் உதவியாளர் வருகிறதா, காரின் சொந்தக் குரல் வருகிறதா என்று பாருங்கள், போனுடையதுதான் பயன்படும். தமிழில் பதிந்த ஒரு பெயரைத் திரையில் தேடுங்கள். பேசிக்கொண்டே ரிவர்ஸ் கியர் போட்டு, கேமரா படமும் சென்சார் ஒலியும் அழைப்பை மீறி உடனே வருகின்றனவா என்று பாருங்கள். கடைசியாகக் காரை வெயிலில் நிறுத்தச் சொல்லி, கூலிங் கிளாஸ் போட்டும் கழற்றியும் திரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.